எழுத்துக் குறிப்பை நம்பிக் காட்டில் பெட்டி தேடுவது: இந்தக் காலத்தில் எதற்கு?

அக்டோபர் 5 (ஒரு வாசகரின் கேள்வி)

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டுக்குக் குடிவந்து அதிக காலம் ஆகவில்லை. உடன் வேலை செய்பவர் ஒருவர் சனிக்கிழமைதோறும் குடும்பத்தோடு லெட்டர்பாக்ஸிங் போகிறார். காட்டுக்குள் யாரோ ஒளித்துவைத்த பிளாஸ்டிக் பெட்டியைத் தாளில் எழுதிய குறிப்பை வைத்துத் தேடுவார்களாம். உள்ளே இருக்கும் ரப்பர் முத்திரையைத் தங்கள் நோட்டில் பதித்துக்கொண்டு, தங்கள் முத்திரையைப் பெட்டியின் பதிவேட்டில் பதித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்களாம். செல்பேசியே நேராக இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு? அதைவிட, பாதுகாக்கப்பட்ட காட்டில் பிளாஸ்டிக் டப்பாவை விட்டுவருவதற்குக் குப்பை போடுவது என்றுதானே பெயர்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 5, இரவு (என் பதில்)

குப்பைக் கேள்விக்குப் பிறகு வருகிறேன் தம்பி. அது நியாயமான கேள்வி, ஒரு வரியில் தீராது. முதலில் செல்பேசி.

ஜி.பி.எஸ். புள்ளியைப் பிடித்துக்கொண்டு போகிற விளையாட்டு தனியாக இருக்கிறது. அதற்கு ஜியோகேஷிங் என்று பெயர். செயற்கைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2ஆம் தேதி நிறுத்தியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டோரத்தில் ஒரு வாளியை வைத்து, அதன் இருப்பிடத்தை இணையத்தில் வெளியிட்டார். அப்படித் தொடங்கியது அது.

லெட்டர்பாக்ஸிங் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கிரான்மியர் பூல் என்று ஒரு சதுப்புக்குழி இருக்கிறது. வழி தெரியாதவர்கள் போய்ச் சேர முடியாத இடம். சாக்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட் 1854இல் அங்கே ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னாளில் கடிதங்களையும் தபால் அட்டைகளையும் விட்டுப்போக, அடுத்து வருகிறவர் எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பது வழக்கமானது. அமெரிக்காவில் இது பரவக் காரணம், ஸ்மித்சோனியன் பத்திரிகை 1998 ஏப்ரலில் டார்ட்மூர்க்காரர்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரை. வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் எல்லையில் 1995 முதலே வேலி குவெஸ்ட் என்ற பெயரில் பாட்டாக எழுதிய குறிப்புகளோடு ஊர்ப்பிள்ளைகள் பெட்டி வைத்துவந்தார்கள். அதற்கும் மூலம் டார்ட்மூர்தான்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: புள்ளியைப் பின்தொடர்ந்து போய்வந்த ஒருவரிடம் வழியில் என்ன மரம் நின்றது என்று கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரியாது, கண் திரையில் இருந்திருக்கும். “வெள்ளைப்பட்டை பிர்ச் மூன்றாகக் கிளைத்து நிற்கும் இடத்தில் திரும்பு” என்று தாளில் எழுதியிருந்தால், எது பிர்ச், எது பீச் என்று தெரியாமல் மேற்கொண்டு போக முடியாது. இந்த நாட்டு மரங்களின் பெயர்களை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். படித்து மனதில் நிற்காதவை தேடி அலைந்ததில் நின்றுவிட்டன.

அக்டோபர் 6

குறிப்பு எப்படி இருக்கும் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர் நிலக்காப்பு அறக்கட்டளையின் காட்டில் நான் வைத்திருக்கும் பெட்டிக்கான குறிப்பைத் தமிழில் தருகிறேன். இடத்தைச் சொல்லப்போவதில்லை.

“வண்டி நிறுத்தத்திலிருந்து நீலப்பட்டை பூசிய பாதையில் போ. ஓடையை ஒருமுறை கடப்பாய். இரண்டாம் முறை கடக்காதே. அங்கே இடப்பக்கம் ஒரு கற்சுவர் உன்னோடு சேர்ந்து வரும். மாட்டுவண்டி நுழைந்த இடைவெளி அதில் இன்னும் இருக்கிறது. அதன் நடுவில் நின்று திசைகாட்டியில் 210 பாகை பார். ஆள் உயரப் பாறை ஒன்று தெரியும். வெயில் படாத பக்கம் போய்க் குனிந்து பார்.”

இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலை செய்கிறது. ‘கடக்காதே’ என்ற சொல்லைப் படித்ததும் தண்ணீர்ச் சத்தத்துக்குக் காது கொடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். ‘மாட்டுவண்டி நுழைந்த இடைவெளி’ என்று படித்ததும், அடர்ந்த காட்டுக்குள் மாட்டுவண்டிக்கு என்ன வேலை என்று தோன்ற வேண்டும். தோன்றினால் கனெக்டிகட்டின் வரலாற்றுக்குள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். இந்தக் காடு பழைய காடு அல்ல. 1800களின் தொடக்கத்தில் இங்கே பெரும்பகுதி வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்தது. பனியாறுகள் விட்டுப்போன கற்களை உழவர்கள் பொறுக்கிப் பொறுக்கி வரப்பில் அடுக்கினார்கள். பிறகு மேற்கே நல்ல மண்ணையும் நகரங்களில் ஆலை வேலையையும் தேடிப் போனார்கள். விட்டுப்போன வயல்களில் காடு ஏறிக்கொண்டது. இன்று மாநிலத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு காடு. நடுக்காட்டில் எங்கும் போகாமல் ஓடும் அந்தச் சுவர்கள் எல்லாம் வயல் வரப்புகள்.

அக்டோபர் 11

“குறிப்பில் பெரிய ஹெம்லாக் மரம் என்று எழுதியிருக்கிறது. அங்கே அப்படி ஒரு மரமே இல்லை” என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பு எப்போது எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். ஹெம்லாக் மரத்தின் சாற்றை உறிஞ்சும் அடெல்ஜிட் பூச்சி 1985இல் கனெக்டிகட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு இந்த மாநிலத்தில் ஹெம்லாக்கை நம்பிக் குறிப்பு எழுதுவது ஆபத்து.

மரத்தை வைத்து வழி சொல்லக் கூடாது என்பது இப்போது என் உறுதியான கருத்து. 1904இல் நியூயார்க் விலங்குக்காட்சிசாலையில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் சில பத்தாண்டுகளில் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களை ஒழித்துவிட்டது. இன்றும் வேர்க்கட்டையிலிருந்து துளிர்விட்டு, கொஞ்சம் வளர்ந்து, மறுபடி நோய் கண்டு சாகின்றன. ஆஷ் மரத்தைக் குடையும் மரகத வண்டு இந்த மாநிலத்தில் 2012இல் தென்பட்டது. 2015க்கும் 2017க்கும் இடையில் பஞ்சுமுட்டை அந்துப்பூச்சியின் புழுக்கள் கிழக்குப் பகுதி ஓக் மரங்களை மொட்டையடித்தன. தொடர்ந்து இலையிழந்த மரங்கள் பட்டுப்போயின. பீச் மரத்துக்கு 2019இல் புதிய இலைநோய் வந்தது. பழைய குறிப்புகளை அடுக்கிவைத்துப் படித்தால் எந்தக் காலத்தில் எந்த மரம் போனது என்று சொல்லிவிடலாம்.

பாறையை எழுதுங்கள், சுவரை எழுதுங்கள். ஓடையைக்கூட யோசித்துத்தான் எழுத வேண்டும். பீவர் என்ற நீர்விலங்கு அணை கட்டினால் பாதையே குளத்துக்குள் போய்விடும்.

அக்டோபர் 12

அப்படியானால் பிர்ச், பீச் எல்லாம் கற்றுக்கொண்டது எப்படி என்று ஒரு வாசகர் மடக்குகிறார். சரியான கேள்வி. வழியில் மரத்தைப் பார்க்க வையுங்கள், ஆனால் திருப்பத்தை மரத்தின்மேல் கட்டாதீர்கள் என்று திருத்திச் சொல்கிறேன். “ஆஷ் மரங்கள் செத்து நிற்கும் சரிவைக் கடந்து, பிளந்த பாறையில் திரும்பு” என்று எழுதலாம். அந்த மரங்கள் விழுந்தாலும் பாறை வழி சொல்லும்.

அக்டோபர் 19

குப்பை.

அனுமதியில்லாமல் வைத்தால் குப்பைதான், ஒப்புக்கொள்கிறேன். தேசியப் பூங்காக்களில் எந்தப் பொருளையும் 24 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்டுவைக்கக் கூடாது என்று கூட்டாட்சி விதியே இருக்கிறது. எவ்வளவு அழகாகச் செதுக்கிய முத்திரையாக இருந்தாலும் அங்கே அது விதிமீறல். நிலக்காப்பு அறக்கட்டளைகளின் காடுகளில் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். சிலர் மறுப்பார்கள். மறுத்தால் விவாதிக்கக் கூடாது. அந்த நிலத்தில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது, எந்தச் செடி அரியது என்று அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

கனெக்டிகட்டின் மாநிலக் காடுகளில் நிலைமை நேர்மாறு. ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு பெட்டி என்று மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறையே ஏற்பாடு செய்து, குறிப்புகளையும் வெளியிட்டிருக்கிறது. ஐந்து காடுகளின் பெட்டிகளைக் கண்டுபிடித்தால் துணியில் தைக்கும் சின்னம், எல்லாவற்றையும் முடித்தால் ஒரு கைத்தடி. தம்பி, நீங்கள் அங்கே தொடங்குங்கள். அதில் மெஷொமாசிக் 1903இல் ஏற்பட்டது, நியூ இங்கிலாந்து எனும் வடகிழக்கு மாநிலங்களில் முதல் மாநிலக் காடு. பச்சாக் அளவில் மிகப் பெரியது. ஜூலைத் தொடக்கத்தில் போனால் ரோடோடென்ட்ரான் புதர்கள் தலைக்கு மேல் பூத்திருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்த்து, நனைந்த தாளை மாற்ற ஒருவர் இருக்கும்வரை அது பெட்டி. அவர் ஊர் மாறிப் போய், யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டால் நீங்கள் சொன்ன குப்பை.

அக்டோபர் 20

ஊரிலிருந்து என் மாமியார் வந்திருந்தபோது நடந்தது. நானும் மகளும் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அவர் சேலையும் கேன்வாஸ் ஷூவுமாகச் சற்று எட்டி நின்று பார்த்துவிட்டு, “இந்தக் கல் எல்லாம் தானாக விழுந்த கல் இல்லையம்மா, யாரோ கையால் அடுக்கியிருக்கிறார்கள்” என்றார். அதன் பின்னால்தான் இருந்தது. லெட்டர்பாக்ஸ்காரர்கள் இதைச் ‘சந்தேகத்துக்குரிய கற்குவியல்’ என்று சொல்வார்கள். வயலில் கல் பொறுக்கி வளர்ந்தவருக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. அன்று பதிவேட்டில் அவர் கைநாட்டுக்குப் பதில் முழுப் பெயரையும் தமிழில் எழுதினார். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்து வந்த யாரோ ஒரு சிறு பூ வரைந்திருந்தார்கள்.

நவம்பர் 2

என் குறிப்பில் உள்ள 210 பாகை காந்த வடக்கிலிருந்தா, மெய் வடக்கிலிருந்தா என்று கேட்டவருக்கு நன்றி. குறிப்பு எழுதுகிற பலர் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

என்னுடையது காந்த வடக்கு. கனெக்டிகட்டில் திசைகாட்டியின் முள் மெய் வடக்கிலிருந்து ஏறக்குறைய 13 பாகை மேற்கே சாய்ந்து நிற்கும். ஒரு வடக்கை மற்றதாக எண்ணி 75 மீட்டர் நடந்தால் ஏறக்குறைய 17 மீட்டர் விலகிப்போவீர்கள். அடர்ந்த காட்டில் 17 மீட்டர் என்றால் வேறு பாறை, வேறு புதர், வீணான ஒரு பிற்பகல். டார்ட்மூரில் இப்போது இந்தச் சாய்வு கிட்டத்தட்ட இல்லை. அங்கிருந்து பழகி வருகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். செல்பேசித் திசைகாட்டியில் எந்த வடக்கைக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘எட்டு’ என்ற அளவும் அப்படித்தான். ஒரு காலடியை ஓர் எட்டாகக் கணக்கிடுபவர்கள் உண்டு. வலது கால் மறுபடி ஊன்றும்வரை ஓர் எட்டு என்பவர்கள் உண்டு. இருபது எட்டு என்று எழுதினால் எந்தக் கணக்கு என்று சொல்லுங்கள். என் மகள் சிறுமியாக இருந்தபோது அவள் எட்டும் என் எட்டும் ஒன்றாகவா இருந்தன? அதனால் நான் எட்டுக் கணக்கையே விட்டுவிட்டேன்.

நவம்பர் 15

துப்பாக்கி மான்வேட்டைப் பருவம் தொடங்கும் நேரம். மாநிலக் காடுகளில் வேட்டை உண்டு. வேட்டைக்காரர்கள் செப்டம்பர் முதல் பிப்ரவரி முடிய உடலின் மேல்பகுதியில் குறைந்தது 400 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு நிறம் தெரியும்படி உடுத்த வேண்டும் என்பது சட்டம். நடப்பவர்களும் அப்படியே உடுத்துங்கள். பெட்டி தேடுகிறவர்கள் பாதையை விட்டு விலகிப் புதருக்குள் குனிகிறவர்கள். பழுப்பு நிறக் கோட்டோடு குனிவதை நினைத்தாலே எனக்கு நடுங்குகிறது. நாய்க்கும் ஆரஞ்சுத் துணி.

டிசம்பர் 28

குளிரில் வெளியே போக முடியாத நாட்களில் முத்திரை செதுக்கலாம். கடையில் வாங்கிய முத்திரையைப் பெட்டியில் வைக்காதீர்கள். மலை ஏறி வருகிறவருக்கு உங்கள் கையால் செய்த ஒன்றைக் கொடுப்பதுதான் மரியாதை.

தேவையானவை அதிகம் இல்லை. பென்சில் அழிக்கும் ரப்பர் கட்டி ஒன்று போதும். பழகிய பிறகு செதுக்குவதற்கென்றே விற்கும் மெத்தென்ற பலகை வாங்கலாம். ‘வி’ வடிவ முனை உள்ள சிறு உளி ஒன்று, கூர்மையான கத்தி ஒன்று. மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி வரைந்து, அதை ரப்பர்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறிப் பதியும். முத்திரை குத்தும்போது நேராகிவிடும். எழுத்துகளுக்கு இதுவே வழி, தலைகீழாக எழுதிப் பழக வேண்டியதில்லை.

கத்தியைத் திருப்பாதீர்கள், ரப்பரைத் திருப்புங்கள். வளைவு வெட்டும்போது கத்தி பிடித்த கை அசையாமல் இருக்க, இடது கையால் கட்டியைச் சுழற்ற வேண்டும். கோட்டின் ஓரத்தை வெளிப்பக்கமாகச் சரிவாக வெட்டுங்கள். அடியில் குடைந்துவிட்டால் நாலு பேர் குத்தியதும் கோடு ஒடிந்து விழும்.

என் சொந்த முத்திரை ஓணான். பாதையில் எனக்குப் பெயரும் அதுதான். இந்த விளையாட்டில் பொதுவாக யாரும் வீட்டுப் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதில்லை. படத்தின் கீழே தமிழில் பெயரைச் செதுக்கியிருக்கிறேன். ‘ண’வின் சுழிகள் பெரும் பாடு. சுழிக்குள் இருக்கும் துளியளவு வெள்ளையை உளியால் எடுக்க முயன்றால் சுழியே பெயர்ந்துவரும். கத்தி முனையைச் செங்குத்தாக நிறுத்தி, ரப்பரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஊசியால் நெம்பி எடுக்க வேண்டும். எழுத்து அரையங்குல உயரமாவது இருக்கட்டும். பதிவேடுகளில் என் ஓணானுக்குப் பக்கத்தில் “இது என்ன எழுத்து, அழகாக இருக்கிறதே” என்று பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்காகவே அந்தப் பாடு படலாம்.

ஜனவரி 18

பனி விழுந்த பிறகு தேடலாமா என்று கேட்டவருக்கு: போகலாம், ஆனால் உங்கள் காலடித் தடம் பெட்டிவரை போய்த் திரும்பும். பின்னால் வரும் யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துப் போய்ப் பெட்டியை எடுத்துவிடலாம். நான் பெட்டியைத் தாண்டியும் கொஞ்ச தூரம் நடந்து, இரண்டு பாறைகளைச் சுற்றிவிட்டு வருவேன். பேனா மை உறைந்துவிடும்; பென்சில் கொண்டுபோங்கள். கல்லோடு உறைந்து ஒட்டிய பெட்டியைக் குச்சியால் நெம்பாதீர்கள், மூடி உடைந்தால் உருகும் பனி முழுவதும் உள்ளே போய்விடும். அன்றைக்குத் திரும்பிவிடுவதே நல்லது.

மார்ச் 22

அக்டோபரில் குப்பைக் கேள்விக்கு அனுமதி, பராமரிப்பு என்று பதில் எழுதியிருந்தேன். குளிர்காலம் முழுவதும் அதைப் பற்றி யோசித்தேன். அது பாதிப் பதில்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

பனி உருகியதும் என் பெட்டியைப் பார்க்கப் போனேன். இலை மக்கி, புல் முளைக்காத இந்த மாதத்தில்தான் தரை தன்னைக் காட்டும். சுவர் இடைவெளியிலிருந்து பாறைவரை ஒரு தடம் விழுந்திருந்தது. யாரும் வெட்டிய பாதையல்ல, குறிப்பை வைத்து வந்தவர்களின் கால்கள் போட்டது. பாறையின் வெயில் படாத பக்கத்தில் கையூன்றிக் குனிந்த இடமெல்லாம் பாசி உரிந்து வெறும் கல் தெரிந்தது. பெட்டி சுத்தமாக இருந்தது, தாள் நனையவில்லை, அனுமதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. தரைதான் பழைய தரையாக இல்லை.

ஆகவே ஒரு பெட்டி காட்டுக்கு என்ன செய்கிறது என்று கேட்டால், பிளாஸ்டிக்கைவிடக் காலடியைத்தான் பார்க்க வேண்டும். மே மாதத்தில் இங்கே பூக்கும் இளஞ்சிவப்பு லேடி ஸ்லிப்பர் ஆர்க்கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதை மண்ணிலுள்ள ஒரு பூஞ்சையின் துணையில்லாமல் முளைக்காது. முளைத்துப் பூக்கப் பல ஆண்டுகள். பூ உதிர்ந்த பிறகு தரையோடு படிந்த இரண்டே இலைதான், கால் பட்டாலும் மிதித்தவருக்குத் தெரியாது. அதேபோல வசந்தகாலக் குட்டைகள்: கோடையில் வற்றிவிடுவதால் மீன் இருக்காது, அதனாலேயே காட்டுத்தவளையும் பல்லி உருவம்கொண்ட புள்ளிச் சாலமாண்டரும் மார்ச் மழையிரவுகளில் அங்கே வந்து முட்டையிடுகின்றன. கோடையில் பெட்டி வைக்க இடம் பார்க்கிறவருக்கு அது வெறும் பள்ளமாகத் தெரியும்.

டார்ட்மூர்க்காரர்கள் இதையெல்லாம் நமக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். அங்கே நூறு பெட்டி கண்டவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, அதன் நெறிமுறையில் தொல்சின்னங்களிலும் சுவர்களிலும் இடிபாடுகளிலும் பெட்டி வைக்கக் கூடாது, சிமென்ட் பூசி நிலையாக்கக் கூடாது என்று இருக்கிறது. டார்ட்மூரிலேயே விஸ்ட்மன்ஸ் வுட் என்ற குறுங்காட்டில் பாசி போர்த்திய பாறைகளுக்கு நடுவே குள்ள ஓக் மரங்கள் நிற்கின்றன. அதைப் பார்க்க வந்தவர்களின் கால்களால் பாசி கெடுவதால், உள்ளே நுழையாமல் வெளியிலிருந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள். பெட்டி இல்லாமலே அந்த நிலை.

நான் பெட்டியை எடுத்து வந்துவிட்டேன். அறக்கட்டளைக்காரரிடம் பேசி, பாதையிலிருந்து கையெட்டும் தூரத்தில், வெறும் பாறை இடுக்கில் வைக்க இடம் கேட்டிருக்கிறேன். மூன்று ஆண்டு வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையை நானே எழுதிக்கொடுத்தேன்.

மார்ச் 23

“பாதையோரத்தில் வைத்தால் தேடுவதில் என்ன சுகம்?” என்று மூன்று பேர். சுகம் தூரத்தில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் பாதையின் நீளத்தைக் கூட்டுங்கள். கண்ணெதிரே இருப்பதைக் காணவிடாமல் செய்வது குறிப்பு எழுதுகிறவரின் திறமை. சதுப்பைக் கடக்க வைத்து, சரிவில் உருள வைத்துத்தான் தேடலைக் கடினமாக்க முடியும் என்றால், எழுத வேண்டிய வேலையைத் தரையின்மேல் சுமத்துகிறோம் என்றுதான் சொல்வேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சுவரின் கல்லை நகர்த்தி உள்ளே பெட்டி வைக்கும் பழக்கமும் இங்கே நிறைய உண்டு. தயவுசெய்து வேண்டாம். தேடுகிறவர்கள் ஒரு கல்லோடு நிற்க மாட்டார்கள், பத்துக் கல்லை உருட்டுவார்கள். இருநூறு ஆண்டு நின்ற சுவர் ஒரு கோடையில் சரியும்.

மே 17

உண்ணிப் பருவம். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள்.

லைம் நோய்க்குப் பெயர் கொடுத்த லைம் நகரம் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. 1970களின் நடுவில் அங்கே பிள்ளைகள் பலருக்கு ஒரே நேரத்தில் மூட்டுவீக்கம் கண்டதைத் தாய்மார்கள் விடாமல் சுட்டிக்காட்டியதால்தான் ஆராய்ச்சி தொடங்கியது. பரப்புவது கருங்கால் உண்ணி. மே முதல் ஜூலைவரை திரியும் அதன் இளம்பருவம் கசகசா அளவுதான் இருக்கும். கடித்தாலும் வலிக்காது. ஆனால் கிருமி உடலுக்குள் போகப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம், காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். போட்ட துணியைச் சூட்டு உலர்த்தியில் போடுங்கள். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

பாறை இடுக்குக்குள் கண்ணால் பார்க்காமல் கையை விடாதீர்கள். மெஷொமாசிக் பகுதியில் கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கிறது. இந்த மாநிலத்தில் அது அழியும் நிலையில் உள்ள, சட்டப் பாதுகாப்புப் பெற்ற உயிர். நம்மைத் தேடி வந்து கடிக்காது, நாம்தான் அதன் வீட்டுக்குள் கை நீட்டுகிறோம். முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

மூவிலைக் கொத்தாகப் படரும் நச்சுப்படர்கொடி வேறு. இலை உதிர்ந்த பிறகும் அதன் தண்டு பட்டால் தோல் வெந்துபோகும். மரத்தில் மயிரடர்ந்த கயிறாக ஏறியிருந்தால் அதைத் தொடாதீர்கள்.

ஜூன் 8

கேள்வி கேட்ட தம்பியே முதல் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். மனமார்ந்த மகிழ்ச்சி. ஸ்டாம்ப் பேடு காய்ந்திருந்ததாம், பதிவேடு நனைந்து முழுவதும் நிரம்பியிருந்ததாம், என்ன செய்வது என்று கேட்கிறார்.

பேடு எப்போதுமே உங்களுடையதைக் கொண்டுபோங்கள். பல பெட்டிகளில் வைப்பதேயில்லை. பையில் நாலு வெள்ளைத்தாளும் ஒரு ஜிப் பையும் இருக்கட்டும். தாளில் உங்கள் முத்திரையைப் பதித்து அந்தப் பைக்குள் போட்டு வைத்துவிட்டு, வைத்தவருக்கு எழுதுங்கள். நனைந்த பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காயவைக்க வேண்டாம். அதில் பல ஆண்டுகளாக வந்துபோனவர்களின் கையெழுத்து இருக்கிறது, அது அவருடைய சொத்து. பதிலே வராவிட்டால் காட்டை நிர்வகிப்பவரிடம் சொல்லுங்கள். எடுக்கச் சொன்னால் எடுங்கள்.

தின்பண்டம் எதையும் பெட்டிக்குள் விட்டுவராதீர்கள். எலி மூடியைக் கடித்துவிடும், வடமேற்குப் பகுதியில் கரடியும் வரும். ஜியோகேஷிங்போலப் பொம்மை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இதில் இல்லை, முத்திரை மட்டும்தான்.

ஜூன் 9

சொந்தமாக ஒரு பெட்டி வைக்க ஆசையாக இருக்கிறது என்று மறுபடி எழுதியிருக்கிறீர்கள். இடத்தை ஒருமுறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். மார்ச்சில் அங்கே தண்ணீர் நிற்கிறதா, மேயில் என்ன பூக்கிறது, அக்டோபரில் இலை உதிர்ந்த பிறகு பாதையிலிருந்தே பெட்டி தெரிகிறதா என்று ஓர் ஆண்டுச் சுற்று முழுவதும் பாருங்கள். பிறகு நிர்வாகிக்குக் கடிதம்: பெட்டியின் அளவு, இடத்தின் படம், பாதையிலிருந்து எத்தனை அடி, எப்போதெல்லாம் வந்து பார்ப்பீர்கள், எத்தனை ஆண்டுக்குப் பிறகு எடுப்பீர்கள், நீங்கள் ஊர் மாறினால் யார் பொறுப்பு. இந்தக் கடைசி வரியை எழுதாமல் அனுப்பாதீர்கள். நான் பொறுப்பேற்கத் தயார், என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

பதில் வரச் சில வாரம் ஆகும். அதற்குள் முத்திரையைச் செதுக்கத் தொடங்குங்கள். மகனின் பெயரில் ‘ழ’ இருக்கிறது என்றீர்களே, கொஞ்சம் பெரிய ரப்பராக வாங்குங்கள்.